'நேரடி' என்ற அடைமொழி: டைட்டானியம் ஏறிய கல்லின் கதை

1756ஆம் ஆண்டு, சுவீடனைச் சேர்ந்த கனிமவியலாளர் ஆக்செல் கிரான்ஸ்டெட் ஒரு கனிமத்தை ஊதுகுழல் சுடரில் சூடாக்கினார். உள்ளிருந்த நீர் ஆவியாகி வெளியேற, கல்லே கொதிப்பதுபோல் பொங்கியது. கொதித்தல், கல் என்னும் பொருளுடைய இரு கிரேக்கச் சொற்களை இணைத்து அவர் இட்ட பெயரே 'சியோலைட்'. மொழியியல் பயின்றுவிட்டு அறிவியல் வரலாற்றுக்கு வந்த எனக்கு, இத்துறையின் சொற்களே முதல் நுழைவாயில். அவற்றுள் ஒன்றைப் பற்றியதே இப்பதிவு: 'நேரடித் தொகுப்பு'.

சிலிக்கானும் அலுமினியமும் ஆக்சிஜன் வழியே பிணைந்து, ஒரு நானோமீட்டருக்கும் சிறிய துளைகளோடு அமைந்த படிகச் சட்டகமே சியோலைட். 1940களில் பிரிட்டனில் ரிச்சர்ட் பேரர் அதனை ஆய்வகத்தில் உருவாக்கினார். அமெரிக்காவின் யூனியன் கார்பைடில் ராபர்ட் மில்டன் குறைந்த வெப்பநிலையிலேயே ஏ, எக்ஸ் வகைகளைப் படைத்தார். 1960களில் மொபில் நிறுவனம் பெட்ரோலியச் சிதைப்புக்குச் சியோலைட் வினையூக்கிகளைக் கொண்டுவந்தது. கரிம அயனிகளை அச்சாகக் கொண்டு உருவான இசட்எஸ்எம்-5இன் காப்புரிமை 1972இல் வெளிவந்தது.

அலுமினியம் தருவது அமிலத்தன்மை. ஆக்சிஜனேற்றம் போன்ற பணிகளுக்கு வேறு உலோகம் வேண்டும். படிகம் உருவான பின் உலோகத்தை ஏற்றுவது ஒரு வழி. படிகம் வளரும்போதே சட்டகத்தில் அமரச்செய்வது மற்றொரு வழி. முன்னது சொல்லின் இறுதியில் விகுதி சேர்ப்பது போன்றது. பின்னது பகுதியையே மாற்றுவது.

இரண்டாம் வழியின் திருப்புமுனை, இத்தாலியில் தரமாசோ, பெரேகோ, நோட்டாரி ஆகியோர் உருவாக்கிய டிஎஸ்-1. இதன் அமெரிக்கக் காப்புரிமை 1983இல் வழங்கப்பட்டது. இதில் நூறு சிலிக்கான் இடங்களுக்கு ஏறத்தாழ இரண்டு மூன்றில் மட்டுமே டைட்டானியம் அமர்கிறது. சிக்கல் யாதெனில், டைட்டானியத்தின் கரிமச் சேர்மம் சிலிக்கானுடையதைவிட விரைவாக நீரோடு வினைபுரிந்து தனி ஆக்சைடாகத் திரண்டுவிடும். அந்த ஆக்சைடு ஹைட்ரஜன் பெராக்சைடை வீணே சிதைக்கும். சோடியம், பொட்டாசியம் கலந்தாலும் டைட்டானியம் சட்டகத்தில் அமர்வது தடைப்படும். ஆகவே கலக்கும் வரிசையும் வேகமும் தூய்மையுமே விளைவைத் தீர்மானித்தன.

இவ்வரலாற்றில் இந்தியாவுக்கும் பங்குண்டு. புனே தேசிய வேதியியல் ஆய்வகத்தில் பால் ரத்னசாமி குழுவினர் 1990இல் வேறொரு சட்டகத்தில் டைட்டானியத்தை அமர்த்தி, டிஎஸ்-2ஐ வெளியிட்டனர். 2008இல் ஆன்ட்வெர்ப்பிலும் உல்சானிலும் டைட்டானிய சிலிக்கலைட்டைக் கொண்டு புரொப்பிலீன் ஆக்சைடு ஆலைகள் இயங்கத் தொடங்கின. அவ்வினையின் உடன்விளைபொருள் நீர் மட்டுமே.

இனி அந்த அடைமொழிக்கு வருவோம். துளைகளை அடைத்திருக்கும் கரிம அச்சை ஐந்நூறு பாகை செல்சியசுக்கும் மேல் எரித்தகற்றிய பின்னரே 'நேரடி'யாகப் பிறந்த படிகம் பயன்படும். விலைமிக்க அப்பொருள் ஒவ்வொரு முறையும் சாம்பலுமின்றிப் போகிறது. உலோகத்தை ஏற்றும் படி ஒன்று குறைந்ததைச் சொல்லும் சொல், எரிக்கும் படியை மறைத்துவிடுகிறது. பாடநூல்கள் கண்டுபிடிப்பின் ஆண்டை மட்டும் சொல்லும்போதும் இதுவே நிகழ்கிறது: சொட்டுச் சொட்டாகக் கலந்த பொறுமையும், தனி ஆக்சைடாகத் திரண்டு வீணான கலவைகளும் பதிவின்றி மறைகின்றன.

நம் ஆய்வேடுகளில் தோற்ற கலவைகளுக்கும் ஓர் இயல் ஒதுக்குவோமானால், அடுத்து வரும் மாணவர் அதே தோல்வியை மீண்டும் கண்டடைய வேண்டியிராது.