அறங்காவலரின் சமரச அதிகாரம்

அறக்கட்டளைச் சொத்து தொடர்பான கடன், கணக்கு, உரிமைக் கோரிக்கை ஆகியவற்றை வழக்காடாமல் பேசித் தீர்க்கவோ, நடுவரிடம் ஒப்படைக்கவோ அறங்காவலருக்குச் சட்டம் வழங்கும் அதிகாரம்.

தோற்றம்: இது ஆங்கிலச் சட்ட மரபில் வளர்ந்தது. அறங்காவலர் காப்பது பிறர் சொத்து. வர வேண்டியதில் சிறிது விட்டுக்கொடுத்தாலும் இழப்பைத் தாமே ஈடுகட்ட நேரும் என்று அஞ்சினால், வராக் கடனுக்கும் வழக்குத் தொடுப்பார். செலவில் சொத்தே கரையும். இதைத் தவிர்க்கவே சமரச அதிகாரம் சட்டத்தில் எழுதப்பட்டது.

இந்தியச் சட்டம்: 1882 மார்ச் 1 அன்று நடைமுறைக்கு வந்த இந்திய அறக்கட்டளைச் சட்டத்தின் 43ஆம் பிரிவு இதைக் கூறுகிறது. இரண்டோ அதற்கு மேலோ அறங்காவலர்கள் சேர்ந்து தவணை தரலாம், குறைத்து வாங்கலாம், கோரிக்கையைக் கைவிடலாம், நடுவர் தீர்ப்புக்கு விடலாம். நல்லெண்ணத்தோடு செய்ததில் இழப்பு நேர்ந்தால் அவர்கள் பொறுப்பல்லர். அறக்கட்டளைப் பத்திரம் இடமளித்தால் தனி அறங்காவலரும் இவ்வாறு செய்யலாம். பத்திரம் தடுத்தால் இவ்வதிகாரம் இல்லை.

கோயில்களும் பொது அறங்களும்: சமய, தரும நிலைக்கொடைகளுக்கு 1882ஆம் ஆண்டுச் சட்டம் பொருந்தாது. காரைக்கால் மாவட்டத் திருவேட்டக்குடியில் உள்ள, சம்பந்தர் பாடிய திருமேனி அழகர் கோயில் இவ்வகையைச் சேர்ந்தது. 1954 வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்த இப்பகுதியின் கோயில்களுக்கு இன்று 1972ஆம் ஆண்டின் புதுச்சேரி இந்து சமய நிறுவனங்கள் சட்டம் உண்டு. பொது அறக்கட்டளை குறித்து உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 92ஆம் பிரிவின்படி தொடுத்த வழக்கில், நீதிமன்ற அனுமதியின்றிச் செய்த சமரசம் செல்லாது. அங்கே பயன்பெறுவோர் ஊர் மக்கள்; அவர்கள் உரிமையைச் சிலர் கூடிப் பேசி முடித்துவிட முடியாது.

உட்பூசல்: அறங்காவலர்களும் பயனாளிகளும் தமக்குள் பிணங்கினால் நடுவரிடம் செல்லலாமா என்ற கேள்விக்கு, விமல் கிஷோர் ஷா வழக்கில் 2016 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் விடை தந்தது. பத்திரத்தில் நடுவர் விதி இருந்தாலும் அத்தகைய பூசல் நடுவர் தீர்ப்புக்கு உரியதன்று. பயனாளி அப்பத்திரத்தில் கையொப்பமிட்டவரும் அல்லர். 2020இல் வித்யா திரோலியா வழக்கிலும் இந்நிலை ஏற்கப்பட்டது.

ஆகவே, வெளியார் கோரிக்கையில் அறங்காவலர் விட்டுக்கொடுக்கலாம். பயனாளியின் உரிமையை விட்டுக்கொடுக்க அவருக்கு அதிகாரம் இல்லை.