மணல் நிற இறக்கைகளும் கீழே நின்ற தம்பிகளும்

இரண்டாம் உலகப் போரின்போது இத்தாலிய விமானம் எதுவும் கோவைப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை. இங்கே வந்திறங்கியவை பிரிட்டிஷ் கடற்படையின் விமானங்கள். 1942 அக்டோபரில் பீளமேட்டில் பழுதுபார்க்கும் நிலையம் ஒன்றைத் தொடங்கி ‘கருடா’ என்று பெயர் வைத்தார்கள். 1945இல் சூலூரில் ‘வைரி’ வந்தது. 1946 ஏப்ரலில் இரண்டுக்கும் பூட்டு விழுந்தது. இதே சூலூருக்கு 2024 ஆகஸ்டில் ‘தரங் சக்தி’ பயிற்சிக்காக ஜெர்மனி, ஸ்பெயின், பிரிட்டன் நாடுகளின் டைஃபூன் போர் விமானங்கள் வந்தன. அந்த மூன்று நாடுகளோடு இத்தாலியும் சேர்ந்து உருவாக்கிய விமானம் அது. கொங்கு வானத்துக்கும் இத்தாலிக்கும் நான் காட்டக்கூடிய ஒட்டுறவு அவ்வளவுதான்.

பிறகு எதற்கு இந்தத் தொடரில் இத்தாலிய விமானம்? கணினித் திரையில் இப்போது அதிகம் பார்க்கக் கிடைக்கிற ஒரு வகைப் படம்தான் காரணம். சாயங்கால வெயில், கண்ணுக்கெட்டிய தூரம் மணல்மேடு, அதன்மேல் தாழப் பறக்கும் மூன்று இயந்திர விமானம். முதுகில் கூன்போல ஒரு மேடு, அதற்குள் இயந்திரத் துப்பாக்கி. சவோயா மார்க்கெட்டி 79. இத்தாலிக்காரர்களே ‘சபிக்கப்பட்ட கூனன்’ என்று செல்லமாகத் திட்டிய குண்டுவீச்சு விமானம். இரும்புக் குழாய்ச் சட்டம், மர இறக்கை, உடம்பின் பின்பாதியில் துணிப் போர்வை.

இந்தப் படங்களைச் செய்கிறவர்களின் உழைப்பைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். பழைய வரைபடங்களைத் தேடியெடுத்து, கணினியில் முப்பரிமாண உருவம் கட்டி, ஆணி ஆணியாகச் சரிபார்த்து, இயந்திரப் புகை படிந்த கறையைக்கூட விடாமல் பூசுகிறார்கள். மஞ்சள் மணல் நிறத்தின்மேல் பச்சைப் புள்ளிகள், வாலில் வெள்ளைச் சிலுவை, உடம்பைச் சுற்றி வெள்ளைப் பட்டை எல்லாம் சரியாக இருக்கும். ஆனால் 1940ஆம் வருடக் காட்சியில் மக்கி 202 சண்டை விமானத்தைப் பறக்கவிடுகிறவர்களும் உண்டு. அது ஆப்பிரிக்கா போய்ச் சேர்ந்ததே 1941 நவம்பரில்தான். 1940இல் அங்கே சண்டைக்குப் போனது ஃபியட் சி.ஆர். 42, இரண்டடுக்கு இறக்கை வைத்த பழைய பாணி விமானம். உலகம் ஒற்றை இறக்கைக்கு மாறிய பிறகும் இத்தாலி அதை 1,700-க்கு மேல் செய்து தள்ளியது.

தேதிப் பிழை சின்ன விஷயம். எனக்கு உறுத்துவது வேறு. இந்தப் படங்களில் பாலைவனம் எப்போதும் காலியாக இருக்கிறது.

அது காலியாக இருந்ததே இல்லை. உலகில் முதன்முதலாக விமானத்திலிருந்து குண்டு போட்டது லிபிய மண்ணில்தான். 1911 நவம்பர் 1 அன்று ஜூலியோ கவோத்தி என்ற இத்தாலியர் கையெறி குண்டு அளவிலான 4 குண்டுகளைத் திரிப்போலி அருகே கையாலேயே வீசினார். கீழே துருக்கிப் படையினரும் அரபு மக்களும் இருந்தார்கள். 1935-36இல் எத்தியோப்பியாவில் இத்தாலிய விமானங்கள் கடுகு வாயுவைக் கொட்டின. விஷவாயுவைத் தடை செய்த 1925 ஜெனீவா உடன்பாட்டில் கையெழுத்துப் போட்ட நாடு இத்தாலி. அந்தப் படையெடுப்பு நடந்துகொண்டிருந்த 1936 மார்ச்சில், மனைவி கமலாவை இழந்து ரோம் வழியாகத் திரும்பிய நேருவைச் சந்திக்க முசோலினி ஆள்மேல் ஆள் அனுப்பினார். நேரு போகவில்லை.

மேலிருந்து பார்க்கும் இந்தப் பார்வை கணினியோடு பிறந்ததில்லை. 1929இல் இத்தாலிய எதிர்காலவாத ஓவியர்கள் ‘வான் ஓவியம்’ என்று ஓர் இயக்கமே தொடங்கினார்கள். துல்லியோ கிராலி 1939இல் வரைந்த புகழ்பெற்ற படத்தில் நாம் விமானியின் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறோம். நகரத்துக் கட்டடங்கள் நம்மை நோக்கிப் பாய்ந்து வருகின்றன. மிரட்டுகிற ஓவியம், மறுக்கவில்லை. அந்தக் கட்டடங்களுக்குள் இருப்பவர்களைப் பற்றி மட்டும் அதில் ஒரு கோடும் இல்லை.

1940 ஜூன் 10 அன்று இத்தாலி போரில் இறங்கியது. பதினெட்டே நாளில், ஜூன் 28 அன்று, லிபியாவின் ஆளுநர் இத்தாலோ பால்போ தோப்ருக் துறைமுகத்தின்மேல் தன் சவோயா 79இல் வந்தபோது சொந்தப் படையின் பீரங்கியே எதிரி என்று நினைத்துச் சுட்டு வீழ்த்தியது. அட்லாண்டிக்கின் குறுக்கே விமானக் கூட்டத்தை நடத்திப்போய் உலகப் புகழ் பெற்ற மனிதர். கணினி ஓவியர்கள் இந்தக் காட்சியைத் தொடத் தயங்குவது ஏனோ.

அவர்கள் விரும்பித் தொடும் கதை இன்னொன்று. 1941 ஏப்ரல் 21 அன்று கிரீட் தீவுப் பக்கம் பிரிட்டிஷ் கப்பல்களைத் தாக்கப் போன ஒரு சவோயா 79 திரும்பவில்லை. விமானி ஓஸ்கார் சிமொலினி. கடலில் விழுந்திருக்கும் என்று கணக்கை முடித்துவிட்டார்கள். 1960இல் லிபியப் பாலையின் உள்ளே ஓர் எலும்புக்கூடு கிடைத்தது. சில மாதம் கழித்து விமானமே கிடைத்தது, அதனருகே மற்றவர்களின் எலும்புகளும். வழி தவறி, பெங்காசியைத் தாண்டி, தெற்கே பல நூறு கிலோமீட்டர் போய் மணலில் இறங்கியிருக்கிறார்கள். ரொமானினி என்ற வீரர் மட்டும் உதவி தேடி ஏறக்குறைய 90 கி.மீ. நடந்து செத்திருக்கிறார். இந்த ஒரு சம்பவத்தில் பாலை உண்மையிலேயே காலியாகத்தான் இருந்தது. ஓவியர்கள் எல்லாப் போரையும் இதே மாதிரி வரைந்துவிடுகிறார்கள்.

மற்றபடி அந்தப் பாலையில் ஆட்கள் இருந்தார்கள், நம் ஆட்களும். 1940 டிசம்பர் 9 விடியலில் எகிப்துப் பாலையில் இத்தாலியரின் நிபெய்வா முகாம்மேல் பாய்ந்தது 4-வது இந்திய டிவிஷன். அடுத்த நாளே சிதி பர்ரானி வீழ்ந்தது. பிடிபட்ட இத்தாலியர்களில் பல்லாயிரம் பேரைக் கப்பலேற்றி இந்தியாவுக்கு அனுப்பினார்கள்; பெங்களூரிலும் அவர்களுக்கு முகாம் இருந்தது. அந்த டிவிஷனில் மதராஸ் சாப்பர்ஸ் அண்டு மைனர்ஸ் படையின் 12-வது ஃபீல்டு கம்பெனியும் 11-வது ஃபீல்டு பார்க் கம்பெனியும் இருந்தன. ராணுவத்தில் இன்றுவரை ‘தம்பி’ என்று அழைக்கப்படுகிறவர்கள் இவர்கள். சென்னை மாகாணத்துக் கிராமங்களிலிருந்து பெங்களூர் போய்ப் பயிற்சி எடுத்தவர்கள். பாலம் கட்டுவது, கிணறு தோண்டுவது, கண்ணிவெடி எடுப்பது, ரோடு போடுவது இவர்கள் பாடு. துப்பாக்கி பிடித்தவனுக்குக் கிடைக்கும் பெயரில் பாதிகூட இந்த வேலைக்குக் கிடைக்காது.

அதே டிவிஷன் அங்கிருந்து எரித்திரியா போனது. கெரென் மலைக் கோட்டைச் சண்டை 1941 பிப்ரவரி 5 முதல் மார்ச் 27 வரை நீடித்தது. அங்கே மணல்மேடு இல்லை, வெறும் பாறை. கணவாய்ச் சாலையைப் பாறை சரித்து அடைத்திருந்தார்கள் இத்தாலியர்கள். குண்டு விழ விழ அதை அகற்றி வழிவிட்டவர்கள் இந்தியச் சாப்பர்கள். இதே மதராஸ் சாப்பர்ஸ் படையின் சுபேதார் சுப்பிரமணியம், காஞ்சிபுரம் வட்டாரத்துக்காரர், 1944 பிப்ரவரி 24 அன்று இத்தாலியிலேயே மிஞ்ஞானோ அருகில் கண்ணிவெடிமேல் பாய்ந்து படுத்துத் தன் ஆட்களைக் காப்பாற்றி உயிர்விட்டார். ஜார்ஜ் கிராஸ் பதக்கம் அவர் இறந்த பிறகு வந்தது.

கோவையிலும் திருப்பூரிலும் கணினி வரைகலை படிக்கிற பிள்ளைகள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். சவோயாவையும் மக்கியையும் தாராளமாக வரையுங்கள். அதே வானத்தைக் கீழே நின்று அண்ணாந்து பார்க்கிற மாதிரியும் ஒரு படம் செய்யுங்கள், கையில் மண்வெட்டியோடு.

மற்ற வாசகர்களிடமும் ஒன்று கேட்கிறேன். உங்கள் அப்பாருவோ அப்புச்சியோ அந்தக் காலத்தில் பட்டாளத்தில் இருந்தவரென்றால், வீட்டுப் பழைய டிரங்குப் பெட்டியைத் திறந்து பாருங்கள். ஆறு முனை நட்சத்திரப் பதக்கம், வெளிர் மணல் நிற நாடா, நடுவில் சிவப்புப் பட்டை, ஒரு பக்கம் கருநீலக் கோடு, மறுபக்கம் வெளிர் நீலக் கோடு. இருந்தால் அது ‘ஆப்பிரிக்கா ஸ்டார்’. புளி போட்டுத் தேய்த்துவிடாமல், இருக்கிறபடியே இரண்டு பக்கமும் படமெடுத்து, அவர் பெயரும் ஊரும் எழுதி நம் இதழ் முகவரிக்கு அனுப்புங்கள்.