உப்புத் தோலும் பங்குப் பத்திரமும்

உப்புத் தோல் வாங்குகிறவருக்குத் தான் வாங்கும் சரக்கின் முகம் தெரியாது. மேலே முடி மூடியிருக்கும். உண்ணி கடித்த புள்ளி, அம்மைத் தழும்பு, முள் கிழித்த கோடு எல்லாம் அதற்கு அடியில் இருக்கும். சுண்ணாம்புத் தொட்டியில் ஊறி, முடி எடுத்த பிறகுதான் அவை கண்ணுக்குப் படும். அதற்குள் பணம் கைமாறியிருக்கும். வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று 2019-ல் மூன்றாகப் பிரிந்த பழைய மாவட்டத்தில், பாலாற்றங்கரையோரம் மேல்விஷாரம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என நீளும் ஊர்களில் நூறாண்டுக்கும் மேலாக இப்படித்தான் விலை பேசி வந்திருக்கிறார்கள்.

என் அப்பா ஆம்பூரில் ஒரு தோல் ஷாப்பில் தரம் பிரிக்கும் வேலை பார்த்தார். லாட்டு வந்து இறங்கியதும் அவரைக் கூப்பிடுவார்கள். சதைப்பக்கத்தைத் திருப்பிப் போட்டு முதலில் கத்திக் கீறலைப் பார்ப்பார். பிறகு வயிற்றுப் பக்கம் நாலு முடியை விரலால் பிடித்து இழுப்பார். கையோடு வந்துவிட்டால் தோல் உள்ளே அழுக ஆரம்பித்துவிட்டது என்று ஒதுக்குவார். எடைக்கு வாங்கும் மாட்டுத்தோல் என்றால், உப்பை உதறிக் கொட்டாமல் தராசில் ஏற்ற விடமாட்டார்.

"நூத்துக்கு எவ்வளவு தேறும்?" என்று முதலாளி கேட்பார்.

"பார்வைக்கு எழுபது தேறும் பாய். ஐம்பத்தஞ்சுன்னு வச்சு விலை பேசுங்க."

அந்தப் பதினைந்துதான் நான் பங்குச்சந்தையைப் பற்றிப் படித்த முதல் பாடம். பெஞ்சமின் கிரஹாம் என்ற பெயரை நான் கேள்விப்பட்டது அதற்கு வெகுகாலம் பின்னால். நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்திய அவர், 1929 சரிவில் தன் பணமும் கரைந்ததைப் பார்த்தவர். டேவிட் டாட் என்பவரோடு சேர்ந்து 1934-ல் முதல் புத்தகத்தையும், சாதாரண முதலீட்டாளருக்காக 1949-ல் இன்னொன்றையும் எழுதினார். ஒரு பங்கு என்பது ஒரு தொழிலின் துண்டு; அந்தத் தொழிலுக்கு ஒரு மதிப்பு உண்டு; நம் கணிப்பு தவறக்கூடும் என்பதால் அந்த மதிப்பை விட நன்றாகக் குறைத்தே வாங்க வேண்டும். இந்த இடைவெளியை அவர் மார்ஜின் ஆஃப் சேஃப்டி என்றார். கண்ணுக்குத் தெரியாத குறைக்கு முன்கூட்டியே இடம் விட்டு விலை பேசுவது அப்பாவின் ஷாப்பில் அன்றாட வேலை.

விலையும் மதிப்பும் வேறு வேறு என்பதையும் இந்த ஊர்கள் பட்டுத் தெரிந்துகொண்டவை. ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதனிட்ட நம் தோலுக்கு 'ஈஸ்ட் இந்தியா' என்று உலகச் சந்தையில் பெயர். கட்டுக்கட்டாகச் சென்னைக்குப் போய், கப்பலேறி, லண்டன் ஏலத்தில் விழும். அங்கே என்ன விலை போயிற்று என்ற செய்திக்காக இங்கே காத்திருப்பார்கள். 1890-களில் அமெரிக்காவில் குரோம் பதனிடுதல் பரவியதும், பிலடெல்பியாக்காரர்கள் பதனிட்ட தோலை விட்டுவிட்டுப் பச்சை ஆட்டுத்தோலையே கேட்டு வாங்க ஆரம்பித்தார்கள்; நம் பட்டைத் தோலுக்கு அடி விழுந்தது. (அதே குரோம் முறை சென்னைக்கு வந்து, குரோம் லெதர் கம்பெனியின் பெயரில் குரோம்பேட்டை என்று ஓர் ஊரே உண்டானது தனிக்கதை.) முதல் உலகப்போரில் ராணுவ பூட்ஸுக்காக அரசாங்கமே மாட்டுத்தோலை வாரிக்கொண்டது. போர் முடிந்து 1920-ல் விலை சரிந்தது. பச்சைத் தோல் ஏற்றுமதிக்கு 1919-ல் விதித்த 15 சதவீத வரி, 1923-ல் 5 சதவீதமாக இறங்கியது. இத்தனை ஆட்டத்திலும் தொட்டியில் கிடந்த தோல் மாறவில்லை.

அவ்வளவு தூரம் போகவும் வேண்டாம். பக்ரீத் முடிந்த வாரத்தில் தோல் வந்து குவியும், விலை இறங்கும். கையில் பணமும் போட்டுவைக்க உப்பும் இடமும் உள்ளவர் அப்போது வாங்குவார். கடன் வாங்கித் தொழில் செய்கிறவர் வேடிக்கை பார்ப்பார். கிரஹாம் சந்தையை, தினமும் வாசலுக்கு வந்து புதுப்புது விலை சொல்லும் ஒரு கூட்டாளியாகக் கற்பனை செய்தார். பக்ரீத் வாரத்தில் எங்கள் தெருவுக்கு அந்தக் கூட்டாளி நேரிலேயே வருவார்.

நான் படித்துக் கணக்கு எழுதப் போனேன். இங்கே பெரும்பாலான டேனரிகள் குடும்பக் கூட்டு வியாபாரங்கள். பங்குச்சந்தையில் தேடினால் பெயர் அகப்படாது. ஆனால் ஊர்ப்பணம் சந்தைக்குப் போகாமல் இல்லை. 1992-ல் பங்குத் தரகர் ஹர்ஷத் மேத்தா காலத்தில் டீக்கடையிலும் ஏ.சி.சி. பேச்சுதான். 200 ரூபாய் அளவில் இருந்த அந்தச் சிமென்ட் கம்பெனிப் பங்கு 9,000-ஐ நெருங்கியது. என் முதலாளியிடம் செய்தித்தாளை நீட்டியபோது அவர் கேட்டது ஒரே கேள்வி: "அந்தக் கம்பெனிக்கு இத்தனை மடங்கு சூளை கூடிடுச்சா?" கூடவில்லை. அவர் வாங்கவில்லை. மதிப்பு முதலீடு பற்றி இதைவிடத் தெளிவாக யாரும் எனக்குச் சொன்னதில்லை.

கிரஹாமின் முதல் புத்தகத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி, ஒரு கம்பெனியை இன்றே மூடினால் என்ன தேறும் என்று அவர் போடும் கணக்கு. ரொக்கம் முழுதாக, வர வேண்டிய பாக்கி ஏறத்தாழ ஐந்தில் நாலு பங்கு, சரக்கு மூன்றில் இரண்டு பங்கு, நிலம், கட்டடம், இயந்திரம் சராசரியாக 15 சதவீதம். பட்டைத் தோல் வாரக்கணக்கில் குழியில் கிடக்கும். பாதிப் பதத்தில் நிற்கும் சரக்கை என்ன விலைக்கு எழுதுவது என்று ஒவ்வொரு மார்ச் மாதமும் மல்லுக்கட்டியவன் நான். மூன்றில் இரண்டு என்பது நேர்மையான எண்.

கடனைப் பற்றியும் சொல்ல வேண்டும். வட்டி கூடாது என்ற இஸ்லாமிய மார்க்க நெறியால் இங்குள்ள பல குடும்பங்கள் லாபநட்டக் கூட்டாகவே தொழில் நடத்தின. 2010-ல் மும்பைப் பங்குச்சந்தையில் ஷரியா குறியீடு ஒன்று வந்தபோது, அதன் சல்லடையில் வங்கிகளும் மதுவும் மட்டும் விழவில்லை. கடன் மிகுந்த கம்பெனிகளும் விழுந்தன. கிரஹாமும் கடன் மிகுந்த கம்பெனியைக் கண்டால் ஒதுங்கச் சொன்னவர். இரண்டு வழிகள் ஒரே இடத்தில் வந்து சேர்வதைப் பார்த்து நான் மகிழ்ந்தேன்.

கிரஹாமின் மாணவர் வாரன் பஃபெட்டுக்கும் செருப்புத் தொழிலுக்கும் ஒரு கசப்பான உறவு உண்டு. 1993-ல் அமெரிக்காவின் மெயின் மாநிலத்தில் இருந்த டெக்ஸ்டர் ஷூ கம்பெனியை 43.3 கோடி டாலருக்கு வாங்கினார். ரொக்கமாகக் கொடுக்காமல், தன் பெர்க்‌ஷயர் கம்பெனியின் பங்குகள் 25,203-ஐக் கொடுத்தார். சில ஆண்டுகளில் ஆசியாவிலிருந்து வந்த மலிவுக் காலணிகள் அந்தக் கம்பெனியைச் சாய்த்தன. தான் செய்த ஆக மோசமான கொள்முதல் என்று அவரே பங்குதாரர்களுக்கு எழுதினார். ஆம்பூரில் வெளிநாட்டு பிராண்டுகளுக்கு ஷூ தைக்கும் பெண்களைத் தினமும் பார்க்கிற எனக்கு, டெக்ஸ்டரின் கணக்கில் இல்லாத ஆபத்து எங்கே இருந்தது என்று விளக்கத் தேவையில்லை.

அதைவிடப் பெரியது ஒன்று எங்கள் கணக்கிலேயே இல்லாமல் இருந்தது. அப்பா உதறிய உப்பு போக, தோலோடு ஒட்டிய உப்பில் பெரும்பகுதி முதல் ஊறலிலேயே தண்ணீரில் கரையும். அந்தத் தண்ணீர் பாலாற்றுக்கும் வயலுக்கும் போயிற்று. பின்னால் குரோமும் சேர்ந்துகொண்டது. பாதி பதனிட்ட தோல் ஏற்றுமதிக்கு 1970-களில் கட்டுப்பாடு வந்து, முழுத் தோலாக முடித்து அனுப்பும் வேலை பெருகியபோது ரசாயனமும் பெருகியது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. டேனரிப் பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுதாகவோ சாகுபடிக்கு லாயக்கற்றுப் போனது அதில் பதிவாகியிருக்கிறது. மாசுபடுத்தியவரே ஈடு கொடுக்க வேண்டும் என்பது இந்தியச் சட்டத்தின் பகுதி என்றது நீதிமன்றம். ஒவ்வொரு டேனரிக்கும் 10,000 ரூபாய் அபராதம்.

அந்தத் தீர்ப்புக்கு முந்தைய ஆண்டுகளின் ஐந்தொகையை எடுத்துப் பாருங்கள். லாபம் இருக்கும், கடன் குறைவாக இருக்கும், கிரஹாமின் எல்லாச் சல்லடையிலும் தேறும். கெட்டுப்போன கிணறுகளுக்கு அதில் ஒரு வரி கிடையாது. அன்றைய கணக்கு முறை அதைக் கேட்கவும் இல்லை. ராணிப்பேட்டை சிப்காட்டில் குரோமேட் தயாரித்து மூடிப்போன ஓர் ஆலை, லட்சம் டன்னுக்கு மேல் கழிவை வெட்டவெளியில் விட்டுப்போனது. அந்த இடத்தில் கிரஹாமின் 15 சதவீதம் செல்லாது. அங்கே நிலமே கடன். நாங்கள் லாபம் என்று எழுதியதில் ஒரு பங்கு பாலாற்று விவசாயியின் முதல். இதை நான் எங்கும் சொல்வேன்.

அந்தக் கடன் இன்னும் அடையவில்லை. 2015 ஜனவரியில் ராணிப்பேட்டை சிப்காட்டின் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் கழிவுத் தொட்டி உடைந்து, தூங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் இறந்தார்கள். 2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் மறுபடியும் தீர்ப்பெழுதி, பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கு நிலுவை இழப்பீட்டைக் கொடுத்துவிட்டு, மாசுபடுத்தியவர்களிடம் வசூலிக்கும்படி அரசுக்குச் சொன்னது. முதல் தீர்ப்புக்கும் இதற்கும் நடுவே 28 ஆண்டுகள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் என்னிடம் பங்குக் கணக்கு படிக்க வரும் பிள்ளைகள் பெரும்பாலும் டேனரி, ஷூ கம்பெனிக் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். ஆண்டறிக்கையைப் பின்னாலிருந்து படிக்கச் சொல்கிறேன். முதலில் கணக்குக் குறிப்புகள். அதில் நிலுவை வழக்குகளும் எதிர்பாராப் பொறுப்புகளும். ரசாயனம், காகிதம், சாயம், மருந்து என்று தண்ணீர் குடிக்கும் எந்தத் தொழிலானாலும், கழிவு எங்கே போகிறது என்பதற்கு விடை எழுதிக்கொண்டு வந்த பிறகே விலையைப் பற்றிப் பேசுவோம். போன மாதம் ஒரு பெண் மூன்று கம்பெனிகளின் அறிக்கையைக் கொண்டுவந்தாள். இரண்டில் அந்த விடை இல்லை. மூன்றாவதை இப்போது படித்துக்கொண்டிருக்கிறோம்.