பள்ளித் தலைவர்களுக்கான இணையவழி வழிகாட்டல்

பதவியில் இருக்கும் தலைமை ஆசிரியர், அனுபவம் மிக்க இன்னொரு தலைமை ஆசிரியரிடமோ தேர்ந்த பயிற்றுநரிடமோ காணொளி, தொலைபேசி, எழுத்து ஆகியவற்றின் வழியே தொடர்ந்து பெறும் பணித்துணை இது. வழிகாட்டி தாம் பட்டறிந்ததைச் சொல்லி யோசனை தருவார். பயிற்றுநர் கேள்விகளால் சிந்திக்க வைப்பார். இலக்கு, இன்றைய நிலை, கைவசமுள்ள வழிகள், செய்யப்போவது என்ற வரிசையில் உரையாடலை நகர்த்தும் ‘குரோ’ முறை, ஜான் விட்மோர் 1992இல் வெளியிட்ட நூலால் பரவலாக அறியப்பட்டது.

ஆசிரியருக்கு ஓய்வறையில் கலந்து பேச ஆள் உண்டு. தலைமை ஆசிரியருக்கு அதே பள்ளியில் தம் நிலையில் யாரும் இல்லை. நேற்றுவரை பாடம் நடத்தியவர், பதவி உயர்வு கிடைத்த மறுநாளே வரவுசெலவு, பெற்றோர் புகார், சக ஆசிரியர்களுக்கிடையிலான பூசல் எல்லாவற்றுக்கும் பதில் சொல்ல வேண்டும். ஆய்வுக்கு வரும் அதிகாரியிடம் ‘இது எனக்குத் தெரியவில்லை’ என்று சொல்ல எவருக்கும் தயக்கம் இருக்கும். எனவே வழிகாட்டிக்குத் தலைமை ஆசிரியர்மேல் நிர்வாக அதிகாரம் இருக்கக் கூடாது. பேசியது வெளியே போகவும் கூடாது. வேறு மாவட்டத்தவரை, வேறு மாநிலத்தவரை இணையம் எளிதில் இணைப்பதால் இந்த இரண்டும் கைகூடுகின்றன. இம்முறையின் உண்மையான வலிமை இதுவே.

இங்கிலாந்தில் 2000இல் தொடங்கிய ‘டாக்கிங் ஹெட்ஸ்’ இதற்கு முன்னோடி. அல்ட்ராலேப் ஆய்வகம் உருவாக்கிய அந்த இணையக்களம், புதிதாகப் பொறுப்பேற்ற தலைமை ஆசிரியர்கள் ஒருவரையொருவர் கேட்டுக் கற்க உதவியது. அதே ஆண்டில் தொடங்கப்பட்ட பள்ளித் தலைமைக்கான தேசியக் கல்லூரி பின்னர் அதை ஏற்று நடத்தியது.

இந்தியாவில் தேசியப் பள்ளித் தலைமை மையம் 2012இல் டெல்லியில் அமைந்தது. தேசியக் கல்விக் கொள்கை 2020, தலைமை ஆசிரியர்களுக்கும் ஆண்டுக்கு 50 மணி நேரத் தொடர் பயிற்சியை வலியுறுத்துகிறது. அவர்களையும் உள்ளடக்கி 2019இல் தொடங்கிய நிஷ்தா ஆசிரியர் பயிற்சி, மறு ஆண்டு தீக்ஷா என்ற இணையக் கற்றல் தளத்துக்கு மாறியது. ஆனால் காணொளிப் பாடத்தை முடித்துச் சான்றிதழ் பெறுவது வழிகாட்டல் ஆகாது. அங்கே திருப்பிக் கேள்வி கேட்க முடியாது. 2022இல் மத்திய அரசுப் பள்ளிகளில் முன்னோட்டமாகத் தொடங்கிய தேசிய வழிகாட்டல் இயக்கம், ஆசிரியர்களை நோக்கியதாயினும், ஆளுக்கு ஆள் துணைநிற்கும் இந்த முறைக்கு நெருக்கமானது.

குறைகளும் உண்டு. பள்ளியை நேரில் பார்க்காத வழிகாட்டி, எதிரில் இருப்பவர் சொல்வதை மட்டுமே நம்ப வேண்டியிருக்கிறது. ஆசிரியர் கூட்டத்தைச் சம்மதத்துடன் பதிவு செய்து முன்கூட்டியே அனுப்பினால் இது ஓரளவு தீரும். நேரம்தான் பெரிய தடை. பணி நேரத்துக்குள் இடம் தரப்படாத சந்திப்பு இரவுக்குத் தள்ளிப்போகிறது. வீட்டு வேலையையும் சுமக்கும் பெண் தலைமை ஆசிரியர்களுக்கே முதலில் விலக நேரிடலாம். இந்தச் சந்திப்புக்கான நேரத்தைப் பள்ளிக் கால அட்டவணையிலேயே ஒதுக்கித் தருவது நிர்வாகத்தின் கடமை.