புக்கிட் புத்துஸ் மேடும் தானியங்கிக் கியரும்

சிரம்பானிலிருந்து கோலப்பிலா போகும் வழியில் குறுக்கே நிற்பது புக்கிட் புத்துஸ் மலை. 1875 டிசம்பரில் யாம்துவான் அந்தாவின் ஆட்கள் இங்கே அரண் அமைத்துப் பிரிட்டிஷ் படையை எதிர்த்தார்கள். அந்த மோதலுக்காகத்தான் கூர்க்கா படை அதிகாரி சானருக்கு விக்டோரியா கிராஸ் விருது கிடைத்தது. அன்று படையைத் திணற வைத்த அந்த மேடு, இன்று ஏழு பேர் ஏறிய குடும்ப வாகனத்தின் கியர்பெட்டியைச் சோதிக்கிறது. பழைய வளைவுப் பாதைக்கு மாற்றாகப் புதிய சாலை வந்துவிட்டது. ஆனால் ஏற்றம் குறையவில்லை.

ஏழு பேர் ஏன் ஒரே வண்டியில் போகிறார்கள்? அதற்குப் பின்னால் நெகிரி செம்பிலான் தோட்டங்களின் கதை இருக்கிறது.

சிரம்பானுக்கும் போர்ட்டிக்சனுக்கும் 1891இல் ரயில் ஓடத் தொடங்கியது. ஆனால் தோட்டத்துக்குள் மாட்டு வண்டியும் நடையும்தான். பின்னர் சைக்கிளும் மோட்டார் சைக்கிளும் வந்தன. கார் என்றால் அது துரையின் கார். நோயாளியை மருத்துவமனைக்குக் கொண்டுபோக லோரிக்காகக் காத்திருந்த காலம் அது. பிறகு பால்மரங்கள் இருந்த இடத்தில் செம்பனை வந்தது. பல தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாயின. மக்கள் சிரம்பான், செனவாங், நீலாய் என்று குடிபெயர்ந்தார்கள். ஆனால் கோயில் பழைய இடத்திலேயே நின்றது. ஆண்டுத் திருவிழா வந்தால் தாத்தா, பாட்டி, பேரப்பிள்ளைகள், பூசைச் சாமான்கள் எல்லாம் ஒரே வண்டியில் ஏறுகின்றன. மூட்டுவலி உள்ள பாட்டிக்கு உயரமான இருக்கையில் ஏறி இறங்குவது எளிது. ஆகவே குடும்பத் தலைவர் எஸ்யூவியைத் தேர்ந்தெடுக்கிறார். அதற்கு ஒன்பது ஆண்டுகள் வரை தவணை கட்டுகிறார்.

உள்நாட்டு வாகனத் தயாரிப்பும் அதே திசையில்தான் நகர்ந்தது. 1985இல் புரோட்டோன் சாகா வந்தது. 1998இல் பெரோடுவா கெம்பாரா வந்தது. 2018 டிசம்பரில் புரோட்டோன் எக்ஸ்70, 2019 ஜனவரியில் ஏழு இருக்கைகள் கொண்ட அருஸ். அருஸ் வெளிவந்தபோது தானியங்கிக் கியரில் மட்டுமே விற்கப்பட்டது. தானியங்கி வாகனத்துக்கு மட்டுமான ஓட்டுநர் உரிமத்தைச் சாலைப் போக்குவரத்து இலாகா 2014இல் அறிமுகப்படுத்தியது. கிளட்ச் மிதித்தே பழகாத ஒரு தலைமுறை உருவாகிவிட்டது.

இந்தக் கியருக்கும் ஒரு வரலாறு உண்டு. ஜெர்மானியப் பொறியாளர் ஃபோட்டிங்கர் கப்பல்களை மனத்தில் கொண்டு, திரவத்தின் வழியே விசையைக் கடத்தும் முறைக்கு 1905இல் காப்புரிமை பெற்றார். 1939இல் ஜெனரல் மோட்டார்ஸ் ஹைட்ராமேட்டிக்கை அறிவித்து, தானியங்கிக் கியரைப் பெருமளவில் கார்களுக்குள் கொண்டுவந்தது. 1958இல் நெதர்லாந்தின் டாஃப் நிறுவனம் பட்டையும் கப்பியும் கொண்ட முறையைக் காரில் பொருத்தியது. இன்றைய சிவிடி அதன் வாரிசு. இரட்டைக் கிளட்ச் கியர் 2003இல் ஃபோக்ஸ்வேகன் வழியாகச் சாலைக்கு வந்தது.

மூன்று முறைகளுக்கும் பொது எதிரி வெப்பம். மேட்டில் பாரத்தோடு ஊர்ந்தால் எண்ணெய் கொதிப்படையும், கிளட்ச் தேயும். 'டி'யில் போட்டதும் வண்டி நகரத் தாமதம், புறப்படும்போது உதறல், இயந்திரம் இரைந்தும் வேகம் ஏறாமை - வாகன உரிமையாளர்கள் சொல்லும் அறிகுறிகள் பெரும்பாலும் இவைதாம். முறையிட்டால், "நீங்கள் ஓட்டும் விதம் சரியில்லை" என்ற பதிலும் சில வேளைகளில் கிடைக்கிறது.

அந்தப் பதிலை உலகம் ஏற்கவில்லை என்பதுதான் இங்கே கவனிக்க வேண்டியது. ஆஸ்திரேலியாவில் ஃபோர்ட் நிறுவனத்தின் பவர்ஷிஃப்ட் கியர் பற்றிக் குவிந்த புகார்களை அந்நாட்டுப் பயனீட்டாளர் ஆணையம் நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனது. கியரில் கோளாறு இருப்பது தெரிந்தும், உதறலுக்கு ஓட்டும் விதமே காரணம் என்று வாடிக்கையாளர்களிடம் சொன்னது அங்கே அம்பலமானது. 2018இல் நிறுவனத்துக்கு 1 கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. அமெரிக்காவில் நிசான், மொரானோ, ரோக் போன்ற எஸ்யூவிகள் உட்பட 2003 முதல் 2010 வரையிலான சிவிடி வாகனங்களுக்குக் கியர் உத்தரவாதத்தைப் பத்து ஆண்டுகளாக நீட்டியது. 2013 நவம்பரில் ஃபோக்ஸ்வேகன் ஏறக்குறைய 16 லட்சம் மகிழுந்துகளைத் திரும்ப அழைத்து, கியர் எண்ணெயை மாற்றிக் கொடுத்தது. வெப்பமும் ஈரப்பதமும் மிகுந்த இடங்களில் பழைய எண்ணெயால் மின்கோளாறு வரலாம் என்பதே காரணம். நம் நாட்டு வானிலையும் அப்படிப்பட்டதுதானே!

மலேசியாவில் 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் நடுவர் மன்றம் இருக்கிறது. வழக்கறிஞர் இல்லாமலேயே முறையிடலாம். 2019ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் கோரிக்கையின் உச்சவரம்பை 50,000 ரிங்கிட்டாக உயர்த்தியது. பிரச்சினை எழுந்து மூன்று ஆண்டுகளுக்குள் போக வேண்டும். ஆனால் கையில் தாள் இல்லாமல் போனால் வாய்ப்பேச்சு எடுபடாது. ஒவ்வொரு சர்வீஸ் ரசீது, வண்டியை ஒப்படைத்த தேதி, பட்டறையில் எழுதித் தந்த குறிப்பு எல்லாவற்றையும் கோப்பில் வைக்க வேண்டும். அடையாள அட்டையையும் சம்பளச் சீட்டையும் தகரப் பெட்டியில் பத்திரப்படுத்திய தோட்டத்து மக்களுக்கு இந்தப் பழக்கம் புதிதல்ல.

உரிமையாளரின் கடமையும் உண்டு. தயாரிப்பாளர் குறித்த காலத்தில், குறித்த எண்ணெயையே மாற்ற வேண்டும். சிவிடி எண்ணெய் வேறு, சாதாரணத் தானியங்கிக் கியர் எண்ணெய் வேறு. நீண்ட இறக்கத்தில் பிரேக்கை மட்டும் நம்பாமல் தாழ்ந்த கியருக்கு மாற வேண்டும். மேட்டில் நிற்கும்போது எண்ணெய் மிதியால் வண்டியைப் பிடித்து நிறுத்தாமல், பிரேக்கை மிதிக்க வேண்டும். பழைய வண்டி வாங்குவோர் சமதரையில் மட்டும் ஓட்டிப் பார்க்காமல், ஒரு மேட்டிலும் ஏற்றிப் பார்ப்பது நல்லது.

திருவிழா முடிந்து இரவில் புக்கிட் புத்துஸ் இறங்கும் வண்டியில் மூன்று தலைமுறை தூங்கிக்கொண்டு வருகிறது. அந்த வண்டியின் கியர் நம்பகமாக இருக்க வேண்டும் என்று கேட்பது சலுகை அல்ல. ஒன்பது ஆண்டுகள் தவணை கட்டுகிறவரின் உரிமை அது.