ஒலிவாங்கியும் மூச்சுத் திரையும்

தாய்நாட்டை விட்டுப் பிற மாநிலங்களில் வாழும் தமிழ் மக்கள், இந்நாளில் வீட்டில் இருந்தபடியே குரலைப் பதிவு செய்து உறவினர்க்கு அனுப்புகின்றனர். பாட்டியின் கதையும் தாயின் தாலாட்டும் இவ்வாறு சேமிக்கப்படுகின்றன. ஆயினும், பதிவைத் திரும்பக் கேட்கும்போது, ‘பாட்டி’ என்னும் சொல்லின் முதலெழுத்து வெடித்துச் செவியை உறுத்துவதை நாம் காண்கிறோம். இக்குறை புதியதன்று. இதை நீக்க மனிதர் முயன்றதற்கு ஒரு வரலாறு உண்டு.

இதன் காரணத்தைத் தமிழ் இலக்கணத்திலிருந்தே அறியலாம். எழுத்துக்களின் பிறப்பைக் கூறுமிடத்துத் தொல்காப்பியர், உந்தியினின்று எழும் காற்றை ஒலிக்கு முதலாகக் கொண்டார். பகரமும் மகரமும் இதழ் இரண்டும் பொருந்துவதால் பிறக்கும் என்றும் வகுத்தார். மகரத்தில் காற்று மூக்கின் வழியே மெல்லச் செல்லும். பகரத்திலோ இதழ் திறந்தவுடன் ஒரு வீச்சாகப் பாயும். உள்ளங்கையை வாய்க்கு நேரே பிடித்து ‘மலை’, ‘பலா’ என்று மாறிமாறிச் சொன்னால் இவ்வேறுபாடு விளங்கும். எதிரில் இருப்பவர் செவிக்கு ஒலியலை மட்டுமே எட்டும். வாய்க்கு அருகிலுள்ள ஒலிவாங்கியையோ காற்றின் வீச்சும் சேர்ந்து தாக்குகிறது.

1878-இல் ஹியூஸ் என்பவர் விளக்கிக் காட்டிய கரி ஒலிவாங்கி, நுண்மை குறைந்த கருவி. 1916-இல் வென்ட் அமைத்த மின்தேக்கி ஒலிவாங்கியும், 1924-இல் ஜெர்மானியரான ஷாட்கியும் கெர்லாக்கும் அமைத்த நாடா ஒலிவாங்கியும் நுண்ணிய ஒலியையும் பற்றின. ஆயின், அந்நாடா மிக மெல்லிய அலுமினியத் தகடாதலின், பலத்த மூச்சே அதற்குக் கேடு செய்ய வல்லது. ஆகவே கருவியைச் சுற்றி உலோக வலை அமைத்தனர். பேசுவோரும் சற்று விலகி இருந்து பேசப் பழகினர்.

அந்த 1924-ஆம் ஆண்டிலேதான் சென்னையில் வானொலிக் கழகம் ஒலிபரப்பைத் தொடங்கியது. 1930-இல் மாநகராட்சி அப்பணியை நடத்தியது. அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் 1938-இலும், திருச்சி நிலையம் 1939-இலும் தோன்றின. பிற்காலத்தில் ஒலிவாங்கியை நெருங்கிப் பாடும் முறை பெருகவே, கம்பி வளையத்தில் நைலான் காலுறையை இழுத்துக் கட்டி இடையே நிறுத்தும் வழக்கம் ஒலிப்பதிவுக் கூடங்களில் பரவியது. இன்று கடைகளில் ‘பாப் ஃபில்டர்’ என்று கிடைப்பது அதன் வழிவந்ததே. துணியின் கண்கள் மூச்சின் வீச்சைச் சிதறடிக்கும். ஒலியலையோ பெரும்பாலும் தடையின்றிச் செல்லும்.

இத்திரையைத் தெரிந்தெடுப்பதில் இடத்தின் இயல்பையும் எண்ண வேண்டும். அந்தமானில், 2024-இல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் பெற்ற போர்ட் பிளேயரின் லம்பா லைன் பகுதியை எடுத்துக்கொள்வோம். அங்கு வாழும் தமிழர்க்கு உப்புக் காற்றும் நீண்ட மழைக்காலமும் பழகியவை. பஞ்சு உறை வெளிக்காற்றைத் தடுக்க நல்லது. ஆனால் ஈரத்தில் நாளடைவில் பொடிந்துபோகும். உலோக வலை நெடுநாள் உழைக்கும். துருப்பிடிக்காத எஃகாக இல்லாவிடில் கடற்காற்று அதை அரிக்கும். இரண்டடுக்கு நைலான் திரையோ விலை குறைந்தது. கழற்றித் துவைத்து உலர்த்தத் தக்கது. வீட்டுப் பதிவுக்கு அதுவே போதும் என்பது நம் கருத்து. வாய்க்கும் திரைக்கும் நான்கு விரல், திரைக்கும் ஒலிவாங்கிக்கும் மூன்று விரல் இடைவெளி இருக்கட்டும்.

லம்பா லைனில் விமான நிலையமும் உள்ளது. விமானத்தின் ஓசையை எந்த மூச்சுத் திரையும் தடுக்காது; அதுவும் ஒலியலையே அன்றோ? சன்னலை மூடி, விமானம் வராத வேளையில் பதிவு செய்வதே வழி.

வேற்று மொழியினரிடையே வளரும் பிள்ளைகளுக்கு, முதியோரின் ஊர்ப் பேச்சு வேறெங்கும் கிடைப்பதற்கு அரிய செல்வம். வீட்டில் உள்ள மெல்லிய துணியே இன்று திரையாகலாம். நல்ல கருவி வரட்டும் என்று காத்திராமல், அவர்கள் நம்மிடையே உள்ளபோதே அக்குரலைப் பதிந்து வைப்போமாக.