ஹெக்கோட்டு நாடக மன்றம்

சிற்றூர்க் கலைகளைப் பேணுதலாவது பழமையை மாறாது காத்தலே என்பர் ஒருசாரார். அக்கொள்கை முழுதும் பொருந்துவதன்று என்பதற்குக் கருநாடகத்துச் சிமோகா மாவட்டத்து ஹெக்கோடு என்னும் சிற்றூரைச் சான்றாகக் காட்டுவோம்.

கமுகந்தோட்டங்கள் சூழ்ந்த அவ்வூரில் 1949ஆம் ஆண்டு தோன்றிய நீலகண்டேசுவர நாட்டிய சேவா சங்கம், முதலெழுத்துக்களால் ‘நீநாசம்’ எனப்படும். தமிழ்ச்செவிக்கு இன்னாப் பெயரெனினும், அது செய்தது ஆக்கமே. அதனை வளர்த்த கே. வி. சுப்பண்ணா (1932–2005) கமுகு வேளாண்மை செய்தவர். உலக நாடகங்கள் நகரத்தார்க்கே உரியன என அவர் கருதினாரல்லர். சேக்சுபியரும் பிரெக்டும் ஆங்குக் கன்னடம் பேசினர்.

1980இல் நாடகப் பயிற்சிப்பள்ளியும், 1985இல் ‘திருகாட்ட’ என்னும் ஊர்சுற்றும் குழுவும் எழுந்தன. இப்பெயர் நம் ‘திருகு’ என்பதனோடு உறவுடையது. மழைக்காலத்தில் ஹெக்கோட்டில் பயின்ற நாடகங்களை, மழை ஓய்ந்தபின் அக்குழுவினர் கருநாடகத்து ஊர்தோறும் நடித்துக்காட்டுவர்.